எட்டு மங்கலச் சின்னங்களும் ஒரு பனிச்சிங்கமும்

உலக நாணய வரலாற்றில் திபெத்தின் வெள்ளிக் காசுகள் மிகவும் பிந்தி வந்தவை. இந்தியாவிலும் சீனாவிலும் காசு புழங்கத் தொடங்கி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னரே, 1763-64இல், திபெத் தன் மண்ணில் முதல் வெள்ளி நாணயத்தை அடித்தது. அங்கு அடிக்கப்பட்ட கடைசித் தூய வெள்ளிக் காசு 1953-54ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இடைப்பட்ட காலம் இருநூறு ஆண்டுகள்கூட இல்லை. ஆயினும் அந்தக் குறுகிய காலத்திற்குள் நேபாள மன்னர்களின் காசுகளைப் பின்பற்றிய வடிவங்கள், சீனப் பேரரசரின் பெயர் தாங்கியவை, தலாய் லாமா அரசின் பெயரும் பௌத்த மங்கலச் சின்னங்களும் கொண்டவை, பனிச்சிங்கம் பொறித்தவை என்று அந்த நாட்டு மக்களின் கைகளில் புழங்கிய காசுகள் முகம் மாறிக்கொண்டே இருந்தன. அந்த நாட்டின்மீது உரிமை கோரியவர் யார் என்பதைக் காசின் முகம் காட்டுகிறது. அந்த உரிமைக்குப் பின்னால் எவ்வளவு வலு இருந்தது என்பதை அதில் கலந்துள்ள வெள்ளியின் அளவு காட்டுகிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் திபெத்திய நாணயத்தின் வரலாறு முழுமையாக விளங்குகிறது.

காசு இல்லாத காலத்தில் திபெத்தியர் வாணிபம் செய்யாமல் இருந்துவிடவில்லை. வடக்குப் பீடபூமியின் ஏரிகளில் எடுத்த உப்பையும் ஆட்டு மயிரையும் தெற்கே கொண்டுசென்று அரிசியாகவும் பார்லியாகவும் மாற்றிக்கொள்ளும் பண்டமாற்று பரவலாக நடந்தது. பெரிய தொகைகளுக்குப் பொன்துகளை நிறுத்துக் கொடுத்தனர். சீனாவிலிருந்து வந்த குதிரைக் குளம்பு வடிவ வெள்ளிக் கட்டிகளையும் எடைபோட்டு ஏற்றுக்கொண்டனர். கிழக்குத் திபெத்தில் இவற்றைவிடப் பரவலாகப் புழங்கியது தேயிலை. சிச்சுவான் மாநிலத்தில் அழுத்திக் கட்டியாக்கப்பட்டுத் தோலில் தைத்து வந்த தேயிலைச் செங்கற்கள், பருகும் பொருளாகவும் கூலி கொடுக்கும் பணமாகவும் ஒரே நேரத்தில் பயன்பட்டன. ஆனால் வெள்ளியைத் தரம் பார்த்து நிறுத்து வாங்குவது ஒவ்வொரு முறையும் நேரம் பிடிக்கும் வேலை. தரத்திற்கு ஓர் அரசு பொறுப்பேற்று முத்திரையிட்ட காசு இருந்தால் அந்தத் தொல்லை நீங்கும். அந்த வசதி திபெத்திற்குத் தெற்கிலிருந்து வந்தது.

17ஆம் நூற்றாண்டின் நடுவில் காத்மாண்டுப் பள்ளத்தாக்கை மல்ல மரபினர் ஆண்டனர். காத்மாண்டு, பாட்டன், பக்தபூர் என மூன்று நகரங்களிலும் மூன்று தனி அரசுகள் இருந்தன. மூன்றும் 'மொஹர்' எனப்பட்ட, ஏறத்தாழ ஐந்தரை கிராம் எடையுள்ள மெல்லிய வெள்ளிக் காசுகளை அடித்தன. பள்ளத்தாக்கின் நேவார் வணிகர்கள் லாசாவில் கடை வைத்து வாழ்ந்தவர்கள்; நேவார் உலோகக் கைவினைஞர்களின் திறமைக்குத் திபெத்திய மடங்களில் பெருமதிப்பு இருந்தது. இந்த உறவின் தொடர்ச்சியாக ஓர் ஏற்பாடு உருவானது. திபெத் தன்னிடமிருந்த வெள்ளியை நேபாளத்திற்கு அனுப்பும். நேபாளம் அதைக் காசாக்கி அதே எடைக்குத் திருப்பி அனுப்பும். காசு அடிப்பதற்கு வெள்ளியோடு சிறிது செம்பு சேர்க்கப்படும் என்பதால், எடைக்கு எடை மாற்றும்போது மிஞ்சும் தூய வெள்ளி முழுவதும் நேபாள அரசர்களின் ஆதாயம். திபெத்துக்குச் சொந்தமாக நாணயச்சாலை நடத்தும் சுமை இல்லை. மல்லர்களுக்கோ உழைக்காமல் வந்த வருவாய். இருதரப்புக்கும் ஏற்றதாகத் தோன்றிய இந்த ஏற்பாடு நூறாண்டுக்கு மேல் நீடித்தது. ஆனால் அதற்குள்ளேயே அதன் கேடும் இருந்தது.

மல்ல மொஹர்களின் அழகைப் பற்றி இங்கே ஒரு சொல் சொல்லியாக வேண்டும். அந்தச் சிறிய வட்டத்திற்குள் சதுரங்களும் முக்கோணங்களும் ஒன்றையொன்று ஊடறுத்து நிற்கும் யந்திர வடிவங்களை நேவார் கைவினைஞர்கள் வெட்டினர். நடுவில் திரிசூலம் போன்ற ஒரு சின்னம், சுற்றிலும் மன்னரின் பெயர், கீழே நேபாள சகாப்த ஆண்டு என்று இடம் ஒன்றுகூட வீணாகாமல் நிரப்பினர். திபெத்திய மக்களுக்கு அந்த எழுத்தும் அந்த மன்னரும் அன்னியம். ஆனால் வடிவம் பழகிவிட்டது. பழகிய வடிவத்தையே மக்கள் நம்புவார்கள் என்பதால், பக்தபூரின் ரணஜித் மல்லர் நேபாள சகாப்தம் 842இல், அதாவது 1722இல் வெளியிட்ட மொஹரின் மாதிரியைத் திபெத்தியர் பிற்காலத்தில் தாங்களே பார்த்து அடித்தனர். படிக்கத் தெரியாதவர் வெட்டிய அச்சுகளில் எழுத்துகள் வெறும் அலங்காரக் கோடுகளாகச் சிதைந்தன; ஆனாலும் காசு கைமாறியது.

கேடு கலப்படத்தில் தொடங்கியது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கூர்க்காக்களின் தலைவர் பிருத்வி நாராயண் ஷா மல்ல நகரங்களை முற்றுகையிடத் தொடங்கினார். போர்ச்செலவுக்குப் பணமின்றித் தவித்த மல்ல மன்னர்கள், திபெத்திற்கு அனுப்பும் காசில் செம்பை மேலும் மேலும் சேர்த்தனர். 1768-69இல் மூன்று நகரங்களும் கூர்க்காக்களிடம் வீழ்ந்தபோது, திபெத் முழுவதும் தரம் தாழ்ந்த மல்லக் காசுகள் நிறைந்திருந்தன. புதிய ஆட்சியாளர்கள் தூய வெள்ளியில் நல்ல காசு தருவதாகச் சொன்னார்கள். ஆனால் பழைய கலப்புக் காசுகளுக்குக் குறைந்த மதிப்பே கொடுக்க முடியும் என்றும் நிபந்தனை விதித்தார்கள். கூர்க்காக்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நியாயமே. கலப்படம் செய்தவர்கள் அவர்கள் அல்லர். திபெத்தியரின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. தாங்கள் அனுப்பியது தூய வெள்ளி, தங்களுக்கு வந்ததுதான் செம்பு. யாரோ அடித்த பணத்தை நம்பி வாழ்ந்த ஒரு நாடு, அந்த 'யாரோ' மறைந்துபோனதும் இழப்பு முழுவதையும் தானே சுமக்க வேண்டி வந்தது.

இருபது ஆண்டுகள் இழுத்த இந்தத் தகராறு, எல்லை வாணிபம், உப்பின் தரம், ஒரு லாமாவின் சொத்துரிமை ஆகிய பிற சச்சரவுகளோடு சேர்ந்து 1788இல் போராக வெடித்தது. முதல் படையெடுப்பு, திபெத் ஆண்டுதோறும் பெருந்தொகை செலுத்தும் என்ற உடன்பாட்டில் முடிந்தது. தொகை சரிவரச் செலுத்தப்படாததால் 1791இல் கூர்க்காக்கள் மீண்டும் வந்தனர். பஞ்சென் லாமாவின் இருப்பிடமாகிய ஷிகாட்சேயின் தஷில்ஹுன்போ மடத்தைச் சூறையாடினர். சீனப் பேரரசர் சியான்லோங் அனுப்பிய படை 1792இல் அவர்களை இமயத்திற்கு அப்பால் துரத்தி, காத்மாண்டுவை நெருங்கியபோது சமாதானம் ஏற்பட்டது. நாணயக் கலப்படம் ஒரு பேரரசின் படையை இமயத்தைத் தாண்டி இழுத்துவந்தது உலக வரலாற்றில் அரிய நிகழ்ச்சி.

போர் நடந்துகொண்டிருந்தபோதே திபெத் அரசு தன் காசுத் தேவையைத் தானே பார்த்துக்கொள்ள முனைந்தது. 1763-64இலும் 1785இலும் சிறிய அளவில் காசு அடித்துப் பார்த்த அனுபவம் அதற்கு இருந்தது. 1791இல் தென்கிழக்கே கொங்போ பகுதியின் பெயரால் 'கொங்பார் தாங்கா' எனப்பட்ட காசு வெளிவந்தது. தாங்கா என்பது திபெத்திய வெள்ளிக் காசின் பொதுப்பெயர். துணியில் தீட்டப்படும் தங்கா ஓவியத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. எடையிலும் மெலிவிலும் நேபாள மொஹரையே இது ஒத்திருந்தாலும், முகத்தில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. மன்னர் பெயருக்கு மாறாக நடுவில் ஓர் எண் நின்றது: 13-45.

அந்த எண்ணைத் தமிழ் வாசகர் எளிதாகப் படித்துவிட முடியும். திபெத்தியர் ஆண்டுகளை 'ரப்ஜுங்' எனப்படும் அறுபது ஆண்டுச் சுழற்சியில் எண்ணுகின்றனர். காலசக்கர தந்திரம் என்ற பௌத்த நூல்மரபோடு இந்தியாவிலிருந்து சென்ற இந்தக் கணக்கின் முதல் சுழற்சி 1027இல் தொடங்கியது. 13-45 என்றால் 13ஆவது சுழற்சியின் 45ஆவது ஆண்டு. முடிந்துபோன 12 சுழற்சிகளுக்கு 720 ஆண்டுகள், அதனுடன் 45, தொடக்கத்திற்கு முந்தைய 1026 ஆகியவற்றைக் கூட்டினால் 1791 கிடைக்கும். தமிழ்ப் பஞ்சாங்கத்தில் பிரபவ முதல் அட்சய வரை எண்ணப்படும் அறுபதும் இதே மூலத்தைச் சேர்ந்தவை என்பதால் இரண்டு வரிசைகளும் இன்றளவும் ஒத்தே நடக்கின்றன; அண்மையில் இரண்டிலும் புதிய சுழற்சி பிறந்தது 1987இல். ஆகவே திபெத்தியக் காசில் 45 என்று இருந்தால், அது தமிழ்க் கணக்கில் 45ஆவதாகிய விரோதகிருது ஆண்டு. அடுத்துவந்த 13-46 பரிதாபி, 13-47 பிரமாதீச. புத்தாண்டு பிறக்கும் நாள் மட்டும் வேறு. திபெத்தில் அது பெரும்பாலும் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும். ஓர் எச்சரிக்கையும் தேவை. மக்களுக்குப் பழகிப்போன 13-46 என்ற எண், 19ஆம் நூற்றாண்டிலும் மீண்டும் மீண்டும் அப்படியே அடிக்கப்பட்டது. எனவே அந்த எண் பொறித்த காசுகள் எல்லாம் 1792ஆம் ஆண்டுக்கு உரியவை அல்ல. எழுத்தின் நயமும் வெள்ளியின் தரமும் குறைந்திருப்பதைக் கொண்டே பிற்காலத்தவை அடையாளம் காணப்படுகின்றன.

கொங்பார் தாங்காவின் முதல் வாழ்வு மூன்றே ஆண்டுகள். போரில் வென்ற சியான்லோங் பேரரசர் 1793இல் திபெத்தின் நிர்வாகத்திற்காக 29 விதிகள் கொண்ட ஓர் ஆணையை அனுப்பினார். நாணயமும் அதில் இடம்பெற்றது. அதன்படி வெளிவந்த சீன-திபெத்தியக் காசுகளின் ஒரு பக்கத்தில் சீன எழுத்துகள் நான்கு, சீனச் செப்புக் காசுகளில் சதுரத் துளையைச் சுற்றி அமைவதைப் போலவே நான்கு திசைகளில் நிற்கின்றன. 'சியான்லோங்கின் அரிய கருவூலம்' என்பது அவற்றின் பொருள். மறுபக்கத்தில் திபெத்திய எழுத்து இருக்கிறது. ஆனால் திபெத்திய மொழி இல்லை. சீனச் சொற்களின் ஒலியையே திபெத்திய நெடுங்கணக்கில் எழுதியிருந்தார்கள். விளிம்பில் இருப்பது ரப்ஜுங் ஆண்டல்ல, பேரரசர் அரியணை ஏறியதிலிருந்து எண்ணப்பட்ட 58ஆம் ஆண்டு. திபெத்தியர் படிக்கக்கூடிய எழுத்தில், அவர்களுக்குப் புரியாத மொழியில், அவர்கள் எண்ணாத ஆண்டில் ஒரு காசு. ஆட்சியுரிமையை இதைவிட நேரடியாக ஒரு நாணயத்தில் அறிவிக்க முடியாது.

தரத்தைப் பொறுத்தவரை இந்தக் காசுகள் நேர்மையானவை. 'ஷோ' என்பது சீன எடையளவில் ஏறத்தாழ 3.7 கிராம், பத்து ஷோ ஒரு 'ஸ்ராங்'. ஒன்றரை ஷோ, ஒரு ஷோ, அரை ஷோ என்று மூன்று அளவுகளில் கிட்டத்தட்டத் தூய வெள்ளியில் காசுகள் அடிக்கப்பட்டன. ஒரு ஸ்ராங் எடை வெள்ளி கொண்டுவந்தால் ஒரு ஷோ காசுகள் ஒன்பது கிடைக்கும். மீதி ஒரு ஷோ நாணயச்சாலையின் கூலி. நேபாள ஏற்பாட்டில் கலப்படத்தில் ஒளிந்திருந்த கூலி, இங்கே எல்லாருக்கும் தெரியும்படி கணக்கில் வைக்கப்பட்டது. தொடர்ந்து சியாச்சிங், தாவ்குவாங் ஆகிய பேரரசர்களின் பெயரிலும் விட்டுவிட்டுக் காசுகள் வந்தன. 1836க்குப் பிறகு அந்த வரிசை நின்றுபோனது. அபினிப் போரும் உள்நாட்டுக் கலகங்களும் சீனாவை வாட்டிய பதிற்றாண்டுகளில் லாசா தன் காசைத் தானே அடித்துக்கொள்ள விடப்பட்டது.

அப்படிப் பிறந்ததுதான் 'கான்டன் தாங்கா'. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஏறத்தாழ நூறாண்டுக் காலம் அடிக்கப்பட்ட இந்தக் காசைத் திபெத்திய நாணயக்கலையின் உச்சம் என்று சொல்லலாம். இதன் ஒரு பக்கத்தில் நடுவில் தாமரை மலர்; அதைச் சுற்றி எட்டுச் சிறு கட்டங்களில், கட்டத்திற்கு ஓர் அசையாக, 'கான்டன் போட்ராங் சோக்லே நம்க்யால்' என்ற வாசகம். திபெத்திய எழுத்தில் எட்டு அசைகளாக அமையும் இதற்கு, 'எத்திசையும் வெல்லும் கான்டன் அரண்மனை' என்று பொருள். கான்டன் போட்ராங் என்பது லாசாவுக்கு அருகிலுள்ள ட்ரெபுங் மடத்தில் தலாய் லாமாக்கள் வாழ்ந்த மாளிகையின் பெயர். 1642இல் ஐந்தாம் தலாய் லாமா ஆட்சிப் பொறுப்பேற்றபோது அதுவே அரசின் பெயராயிற்று. எந்தத் தலாய் லாமாவின் பெயரும் காசில் இல்லை, உருவமும் இல்லை. ஆட்சியாளர் மறைந்து, மறுபிறவியாகக் கருதப்படும் குழந்தை கண்டறியப்பட்டு, அக்குழந்தை வளரும்வரை ஆட்சிக்காவலர் ஒருவர் ஆளும் நாட்டில், தனியாளின் பெயரைவிட மாளிகையின் பெயரே நிலையானதாக இருந்திருக்கும்.

மறுபக்கத்தில் பௌத்த மரபின் எட்டு மங்கலச் சின்னங்கள் வட்டமாக நிற்கின்றன. வெயிலிலிருந்து காப்பதுபோல் துன்பத்திலிருந்து காக்கும் குடை, தடையின்றி நீந்தும் இணைமீன்கள், குறையாத செல்வத்தின் நிதிக்கலசம், சேற்றில் பிறந்தும் மாசுபடாத தாமரை, அறத்தின் ஒலியாகிய வலம்புரிச் சங்கு, தொடக்கமும் முடிவும் காண முடியாத பின்னல் முடிச்சு, அறியாமையை வென்றதன் கொடி, புத்தரின் போதனையைக் குறிக்கும் சக்கரம் ஆகியவை அவை. மடங்களின் கதவுகளிலும் வீட்டுச் சுவர்களிலும் தேநீர்க் கிண்ணங்களிலும் திபெத்தியர் நாள்தோறும் பார்க்கும் சின்னங்கள் இவை. எழுத்தறியாத மேய்ப்பனுக்கும் ஒரே பார்வையில் புரிபவை. இரண்டரை சென்டிமீட்டர் அளவே உள்ள வட்டத்தில் நகக்கண்ணைவிடச் சிறிய இடத்திற்குள் ஒரு குடையின் தொங்கலையும் மீன்களின் வளைவையும் அச்சு வெட்டுபவர் கொண்டுவந்திருப்பதை உருப்பெருக்கியில் பார்த்தால், அந்தக் கைகளின் பயிற்சி தெரியும். வெள்ளியைத் தகடாக அடித்து, வட்டமாக வெட்டி, இரண்டு அச்சுகளுக்கிடையே வைத்துச் சுத்தியலால் அடித்துச் செய்யப்பட்டவை என்பதால் ஒரு காசைப் போல் மற்றொன்று இராது. நேபாளம் விட்டுச்சென்ற மெல்லிய வட்டமும் நெருக்கமான அலங்காரமும் அப்படியே இருக்க, உள்ளே இருப்பது முழுவதும் திபெத்தின் சொந்தமாயிற்று.

இதழ்கள் போன்ற எட்டுப் பிரிவுகள் அழகுக்கு மட்டும் பயன்படவில்லை. தாங்காவைவிடச் சிறிய காசு வெகுகாலம் போதிய அளவில் கிடைக்காததால், சில்லறை வேண்டியவர்கள் தாங்காவையே வெட்டினார்கள். ஒரு தாங்காவின் மதிப்பு ஒன்றரை ஷோ. ஒரு ஷோவுக்குப் பத்து 'கர்மா'. எனவே முழுத் தாங்கா 15 கர்மா. சரிபாதியாக வெட்டி நான்கு இதழ்கள் தங்கிய துண்டு ஏழரைக் கர்மாவுக்குச் சென்றது. ஐந்து இதழ்கள் உள்ள துண்டு ஒரு ஷோவுக்கும், மூன்று இதழ்கள் உள்ளது ஐந்து கர்மாவுக்கும் எடுத்துக்கொள்ளப்பட்டன. கணக்குப் பார்த்தால் ஐந்து இதழ்த் துண்டில் இருக்க வேண்டியதைவிட வெள்ளி சற்றுக் குறைவு, மூன்று இதழ்த் துண்டில் சற்று மிகுதி; சந்தை அந்த வேறுபாட்டைப் பெரிதுபடுத்தவில்லை. நான்கு சின்னங்கள் மட்டும் எஞ்சிய பாதித் துண்டுகள் இன்றும் சேகரிப்புகளில் கிடைக்கின்றன. வெட்டப்பட்ட காசு பழுதான காசு என்று நாணயச் சேகரிப்பாளர்கள் ஒதுக்குவது வழக்கம். திபெத்தைப் பொறுத்தவரை அது தவறு. புழக்கத்தில் உண்மையாக வாழ்ந்த காசு அதுதான்.

லாசாவின் தாங்கா நாடு முழுவதையும் ஆளவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் இந்தியாவின் வெள்ளி ரூபாய் தேயிலை, கம்பளி வணிகர்களின் வழியே இமயத்தைக் கடந்து, கிழக்கே காம் பகுதி வரை பரவியது. எடையும் தரமும் மாறாத அந்தக் காசை வணிகர்கள் விரும்பினர். அதில் முடிசூடிய விக்டோரியா அரசியின் தலையைக் கண்ட திபெத்தியர், அந்த முடியைப் பிச்சை ஏற்றுத் திரியும் துறவியின் தொப்பியாக எடுத்துக்கொண்டு, 'நாடோடி லாமா' என்ற பொருளில் அந்தக் காசுக்குப் பெயரிட்டதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே பயணம் செய்த அமெரிக்க அறிஞர் ராக்ஹில் பதிவு செய்திருக்கிறார். 1904இல் யங்ஹஸ்பண்ட் தலைமையில் பிரிட்டிஷ் படை லாசாவுக்குள் நுழைந்த பிறகு ரூபாயின் செல்வாக்கு மேலும் ஏறியது. திபெத்தின்மீது விதிக்கப்பட்ட போர் இழப்பீடே ரூபாயில்தான் கணக்கிடப்பட்டது.

தங்கள் எல்லைக்குள் அயல்நாட்டு அரசியின் முகம் புழங்குவதைச் சீன அதிகாரிகள் கவலையோடு பார்த்தனர். தடை போட்டால் வணிகர்கள் கேட்க மாட்டார்கள் என்பதை உணர்ந்து, சிச்சுவான் மாநில அரசு 1902இல் வேறு வழியைக் கையாண்டது. ரூபாயைப் போலவே ஒரு காசை அடித்தது. எடை சுமார் 11.4 கிராம், பின்பக்கத்தில் பூவேலைக்கு நடுவே 'சிச்சுவான் மாநிலத்தில் செய்யப்பட்டது' என்ற சீன வாசகம், முன்பக்கத்தில் விக்டோரியாவைப் போலவே பக்கவாட்டில் திரும்பிய முகம். ஆனால் அந்த முகம் குவாங்சு பேரரசருடையது, சீனாவை ஆண்ட சிங் வமிசத்தின் தொப்பியும் அங்கியும் அணிந்தது. பேரரசரின் முகத்தைக் குடிமக்கள் கையாளும் பொருளில் பொறிப்பது சீன மரபில் இல்லாதது. ஈராயிரம் ஆண்டுக்கு மேலாக ஆட்சியாளரின் முகம் இல்லாமலே வந்த சீனக் காசில், திபெத்திய எல்லைச் சந்தையை வெல்வதற்காக அந்த மரபு கைவிடப்பட்டது. காசு வென்றது. காம் பகுதியில் இந்திய ரூபாய் பின்வாங்க, சிச்சுவான் ரூபாய் இடம் பிடித்தது. அதையும் மக்கள் பாதியாகவும் காலாகவும் வெட்டிப் பயன்படுத்தினர். குவாங்சு 1908இல் இறந்தார், 1912இல் வமிசமே அரியணை இழந்தது. ஆயினும் சீனக் குடியரசின் மாநில ஆட்சியாளர்கள் அந்த முகத்தையே 1940களின் தொடக்கம்வரை அடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளி மட்டும் வரவரக் குறைந்தது.

லாசாவில் இதற்கிடையே போட்டி இன்னும் கூர்மையானது. பிரிட்டிஷ் படை வந்தபோது நாட்டைவிட்டு வெளியேறிய பதின்மூன்றாம் தலாய் லாமா 1909இன் இறுதியில் திரும்பினார். அவ்வாண்டுக்குரிய 15-43 என்ற எண்ணோடு, அதாவது தமிழ்க் கணக்கில் சௌமிய ஆண்டில், ஒரு ஸ்ராங் மதிப்புள்ள பெரிய வெள்ளி நாணயம் வெளியானது. அதில் பனிச்சிங்கம் நின்றது. பனிமலைகளின் வெண்ணிறத்தையும் நீலப்பச்சைப் பிடரியையும் கொண்டதாகத் திபெத்தியர் கற்பனை செய்யும் இந்த விலங்கு அவர்களது நாட்டின் சின்னம். 1910இல் சீனப்படை லாசாவைப் பிடித்து, தலாய் லாமா இந்தியாவுக்குத் தப்பிச் சென்றதும், சுவான்டோங் பேரரசரின் பெயரால் டிராகன் பொறித்த ஒரு ஷோ, இரண்டு ஷோ காசுகள் அங்கே அடிக்கப்பட்டன. சிங்கத்திற்குப் பதிலாக டிராகன். சிங் அரசு விழுந்து, 1913இல் தலாய் லாமா லாசா திரும்பியதும் மீண்டும் சிங்கம். நான்கே ஆண்டுகளில் ஆட்சி மாறியதை இரண்டு விலங்குகளை வைத்தே ஒரு மாணவர் சொல்லிவிட முடியும்.

1913க்குப் பிந்தைய காசுகள் இயந்திர யுகத்தைச் சேர்ந்தவை. அரசு அவ்வாண்டு நான்கு இளைஞர்களை இங்கிலாந்தின் ரக்பி பள்ளிக்கு அனுப்பியது. அவர்களுள் மின்பொறியியல் கற்றுத் திரும்பிய ரிங்காங், லாசாவுக்கு வடக்கே தொதே பள்ளத்தாக்கில் சிறு நீர்மின் நிலையம் ஒன்றை அமைத்தார். இயந்திரங்கள் இந்தியாவிலிருந்து மலைக் கணவாய்களின் வழியே பொதி விலங்குகளின் முதுகிலும் மனிதர்களின் தோளிலும் சென்றன. பல இடங்களில் சிதறிக்கிடந்த நாணயச்சாலைகள் 1930களின் தொடக்கத்தில் டிராப்சி என்ற இடத்தில் ஒன்றாக இணைக்கப்பட்டன. தலாய் லாமாவின் நம்பிக்கைக்குரிய சாரோங் அதன் பொறுப்பாளர்களுள் ஒருவர். ஐந்து ஷோ காசுகளில் சிங்கம் சில ஆண்டுகளில் மேல்நோக்கியும் சில ஆண்டுகளில் பின்னால் திரும்பியும் பார்க்கிறது. பிற்காலக் காசுகளில் மலைமுகடுகளும் சூரியனும் சந்திரனும் அதனுடன் சேர்ந்துகொண்டன. இயந்திரத்தால் வட்டம் சீரானது; விளிம்பு திருத்தமானது. கான்டன் தாங்காவில் இருந்த கையின் உயிர்ப்பு அதற்கு விலையாகிப் போனது என்றே சொல்ல வேண்டும்.

வெள்ளியின் கதை இறங்குமுகமானது. எடையளவாக ஒரு ஸ்ராங் என்பது 37 கிராமுக்குச் சற்று அதிகம். ஆனால் 1909இன் ஒரு ஸ்ராங் நாணயத்தின் எடை ஏறத்தாழ 18.5 கிராம்தான். 1930களில் வந்த மூன்று ஸ்ராங் காசு 11 கிராம் அளவே இருந்தது. 1948 முதல் அடிக்கப்பட்ட பத்து ஸ்ராங் காசில் வெள்ளியைவிடச் செம்பே மிகுதி. படைச்செலவும் 1913 முதல் வெளிவந்த காகிதப் பணமும் மதிப்பைக் கரைத்துக்கொண்டே வந்தன. இந்தப் பத்து ஸ்ராங் காசுகளில் சிலவற்றில் வானத்தில் இரண்டு சூரியன்கள். வேறு சிலவற்றில் சூரியனும் சந்திரனும். சேகரிப்பாளர்கள் இதைக்கொண்டே அவற்றை வகை பிரிக்கின்றனர்.

1950இல் சீனப் படை திபெத்தின் கிழக்கு எல்லைக்குள் நுழைந்து, மறு ஆண்டு லாசாவை அடைந்தது. காகிதப் பணத்தைத் திபெத்தியர் நம்பமாட்டார்கள் என்பதால் படையினர் கூலிக்கும் உணவுக்கும் வெள்ளி டாலர்களையே கொடுத்தனர். சீனப் பொதுவுடைமை அரசின் பணமாகத் திபெத்தில் புழங்கிய அந்தக் காசுகளில் இருந்த முகம், குடியரசுக் காலத் தலைவர் யுவான் ஷிகாயுடையது. அதே நாட்களில், 1953-54இல், திபெத் அரசு மடங்களின் துறவிகளுக்குக் கொடையாக வழங்குவதற்கென்று நல்ல வெள்ளியில் தாங்காக்களை அடித்தது. மங்கலச் சின்னங்கள் தாங்கிய பழைய தாங்காவின் வடிவமே அதற்கும் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1959 எழுச்சி அடக்கப்பட்டு, பதினான்காம் தலாய் லாமா இந்தியாவில் அடைக்கலம் புகுந்த பின், திபெத்தியப் பணம் செல்லாது என அறிவிக்கப்பட்டு, சீனாவின் ரென்மின்பி அதன் இடத்திற்கு வந்தது.

இந்தக் காசுகளைப் பற்றிய முறையான ஆய்வுகளுள், வால்ஷ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1907இல் கல்கத்தாவின் வங்காள ஆசியக் கழகத்தின் வழியே வெளியிட்ட கட்டுரை முக்கியமானது. அவர் குறித்துவைத்த சில்லறைத் துண்டுகளின் பெயர்கள் இன்றும் ஆய்வாளர்களுக்கு அடிப்படை. கான்டன் தாங்காக்களில் பெரும்பாலானவற்றில் ஆண்டு இல்லை. எனவே எட்டுச் சின்னங்கள் எந்த வரிசையில் நிற்கின்றன, தாமரைக்கு எத்தகைய இதழ்கள், அசைகளுக்கிடையே எத்தனை புள்ளிகள், வெள்ளி எவ்வளவு என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத்தான் அவற்றைக் காலவரிசையில் அடுக்க முடிகிறது. சியான்லோங் காசுகளுக்குச் சந்தையில் விலை மிகுந்திருப்பதால் போலிகளும் மிகுந்துள்ளன. உருக்கி வார்த்த போலியில் எழுத்தின் ஓரங்கள் மழுங்கியும் பரப்பில் ஊசிமுனைக் குழிகள் நிறைந்தும் இருக்கும்; அச்சுகளுக்கிடையே அடிபட்ட மெய்யான காசில் எழுத்தின் ஓரம் கூர்மையாகவும், வெள்ளி அச்சிலிருந்து வெளிப்புறமாக ஓடிய மெல்லிய கோடுகள் விளிம்பை நோக்கியும் தெரியும்.